மலைக்குப் போவது வேறு, டவுனுக்குப் போவது வேறு

2021 மே 29, சனி

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருப்பது இது: “நாங்கள் மாடி வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். உங்களுக்கு மலை, காற்று, பச்சை எல்லாம் வாசலிலேயே இருக்கிறது. தோட்ட வேலையையும் நிறுத்தவில்லை. இந்தக் கொவிட் பயணத்தடை மலையகத்து ஆட்களின் மனதை அவ்வளவாகப் பாதிக்காது என்றே நினைக்கிறேன். சரிதானே?”

சரியில்லை அண்ணே. உங்கள் சுவர் உங்களை நெரிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் வெளியே போகிறவர்கள் என்ற கணக்கு எங்கள் பக்கத்துக்கு ஒத்து வராது.

நான் ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறேன். வீடு நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒரே வரிசையாய்க் கட்டிய தொழிலாளர் வீடுகளில். அம்மா கொழுந்து எடுக்கிறார். தம்பி கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில். இப்போது எங்கள் கடை பூட்டு, நான் வீட்டில். தம்பி அவன் கடைக்கு மேல்மாடியில் மற்றப் பையன்களோடு. அம்மா மட்டும் வழக்கம் போல விடிய எழும்பி ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகிறார்.

போன வருடமும் இதே கதைதான். மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 1883இலிருந்து கொழும்பில் ஆட்கள் கூடிச் சத்தம் போட்டு விலை கேட்ட தேயிலை ஏலம், ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. கொழுந்து எடுபட்டது, ஃபெக்டரி ஓடியது, தூள் துறைமுகம் வரை போனது. அதைக் கிள்ளிய ஆட்கள் தோட்டத்து எல்லையோடு நின்றார்கள். வேலை நிற்காமல் இருந்தது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கொழும்பில் கூலிக்குப் போனவர்கள் அந்த மாதங்களில் பட்ட பாட்டைத் தம்பி வழியாகக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் மலையில் நிரை பிடித்து நிற்கிறவருக்கு அது வேலைத்தலம். பின்னால் கங்காணியின் குரல், காலில் அட்டை, அடுத்த நிறுவைக்குள் கூடை நிறைய வேண்டும் என்ற அவசரம். நீங்கள் சொல்லும் பச்சை தள்ளி நின்று பார்க்கிறவருக்குத்தான் பச்சை.

மே 30

ஒருவர் கேட்கிறார்: “அடையாள அட்டை முறையில் வெளியே போகலாம் என்று விட்டார்களே, அதில் போனீர்களா?”

அம்மாவின் அட்டை இலக்கம் 3இல் முடிகிறது. என்னுடையது 8. ஒற்றை இலக்கத்துக்கு ஒற்றைத் திகதி, இரட்டை இலக்கத்துக்கு இரட்டைத் திகதி. ஆகவே அம்மாவும் நானும் ஒரே நாளில் படலையைத் தாண்ட முடியாது. சாமான் வாங்க அது போதும். சேர்ந்து போவது என்ற ஒன்று அதில் இல்லை.

2020இல் அறிவித்த முறை இன்னும் விசித்திரம். திங்கள் 1, 2. செவ்வாய் 3, 4. இப்படியே வெள்ளி 9, 0 வரை. ஞாயிறுக்கு இலக்கமே இல்லை. திங்கள் முதல் சனி வரை கொழுந்து எடுக்கிறவருக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான். இந்த அட்டவணையைப் போட்டவர் முன்னால் ஒரு தோட்டத்துப் பெண் உட்கார்ந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பார்.

ஜூன் 3

டவுனுக்குப் போவதில் அப்படி என்ன இருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் கடையில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சம்பளம் 10ஆம் திகதி. அதற்கு அடுத்து வரும் ஞாயிறு ஹட்டனில் நடக்க இடம் இருக்காது. பொகவந்தலாவை பஸ், மஸ்கெலியா பஸ், டயகம பஸ், எல்லாம் மிதிபலகை வரை ஆட்களோடு வந்து நிற்கும். அன்றைக்கு இறங்குகிற பெண்களை நீங்கள் பார்க்க வேண்டும். கிழமை முழுக்க இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மழையில் நின்றவர்கள், பவுடர் போட்டு, பூ வைத்து, மடிப்புக் கலையாத சேலையில் வருவார்கள். முதலில் மாணிக்கப் பிள்ளையார் கோயில். அப்புறம் அடகுக்கடை, பலசரக்கு, மருந்து. வேலை எல்லாம் முடிந்த பிறகு எங்கள் கடை.

கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியில் கறுப்பாகக் கறை ஏறிவிடும். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். அந்தக் கையால் துணியைத் தொடக் கூச்சப்பட்டு, “நீயே விரிச்சிக் காட்டு புள்ள” என்பார்கள். நான் விரிப்பேன். பார்டரைப் பார்ப்பார்கள், பக்கத்தில் வந்தவளிடம் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள், இன்னொன்றை விரிக்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய் அந்த விரலே துணியைத் தடவிப் பார்க்கும். பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். முதலாளிக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். ஒரு மணித்தியாலம் யாரும் அவர்களை “ஏய், இங்க வா” என்று கூப்பிடாமல், “வாங்கம்மா, என்ன கலர் பாப்போம்?” என்று கேட்கிற இடம் அது. பிறகு கண்ணாடி அலுமாரிக் கடையில் ஒரு பிளேன்டீ, ஒரு ரோல்ஸ். கூட்டாளிகளோடு வாய்விட்டுச் சிரிப்பு. நாலு மணி பஸ்.

இதைத்தான் “அத்தியாவசியமற்ற நடமாட்டம்” என்ற பட்டியலில் போட்டார்கள்.

ஜூன் 4

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, “நோயைப் பரப்பத்தான் கூட்டம் வேண்டுமா?” என்று ஒருவர் கோபித்திருக்கிறார்.

ஐயா, கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. லயத்தில் இருக்கிற எனக்கு அந்தப் பயம் உங்களைவிடக் கூட. 10 அடிக்கு 12 அடி அறை, ஒரே கூரை, பொதுவான தண்ணீர்ப் பீலி, பல குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். “வீட்டில் தனி அறையில் இருங்கள்” என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போகிறார். எந்தத் தனி அறை? ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முழு வரிசைக்கும் கயிறு கட்டினார்கள். இந்த ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு நுவரெலியாவில் வந்து குவிந்த கூட்டத்தைப் பார்த்து நானும் பயந்தேன். கிரகரி வாவிக் கரையில் வாகனம் நிறுத்த இடமில்லை. அந்த ஆட்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. ஒரு வருடமாக அடைந்து கிடந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளிர் பார்க்க வந்தார்கள்.

நான் கேட்பது இது மட்டும்தான்: மூடியபோது எங்கள் மனதில் எது மூடப்பட்டது என்று யாராவது கணக்கில் எடுத்தார்களா?

ஜூன் 9

“வட்ஸ்அப் இருக்கிறதே, முகம் பார்த்துப் பேசலாமே” என்று எழுதியவருக்கு.

பேசலாம். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். போன மாதம் போய்விட்டார். கொவிட் இல்லை, நெடுநாள் சீனி வருத்தம். ஹட்டனில் காலைக் கோச்சியை (ரயிலை) பிடித்தால் பகலுக்குள் ஹப்புத்தளையில் இறங்கலாம். இடையில் பட்டிப்பொலவைத் தாண்டி மலையுச்சிச் சுரங்கம் ஒன்று வரும். பட்டிப்பொல எங்கள் மாவட்டம், அடுத்த ஸ்டேஷன் ஒஹியா பதுளை மாவட்டம். மத்திய மாகாணம் முடிந்து ஊவா தொடங்குகிறது. சின்ன வயதில் அந்தச் சுரங்கத்தில் கூவுவதற்காகவே நாங்கள் பெரியம்மா வீட்டுக்குப் போக அழுவோம். அது மாகாண எல்லை என்று யோசித்ததே இல்லை. மே 11 இரவோடு மாகாணங்களுக்கிடையில் போக்குவரத்தை நிறுத்தியபோதுதான், அம்மா பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

செத்த வீட்டுக்குப் போக அனுமதி கிடைக்குமா என்று விசாரித்தோம். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அதற்குள் அங்கே எடுத்துவிட்டார்கள், குறைந்த ஆட்களோடு, தப்பு மேளச் சத்தம் இல்லாமல்.

பெரியம்மாவின் மகன் போனில் காட்டினார். படம் ஆடியது, நின்றது, மறுபடி வந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் போனை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பானையைக் கழுவத் தொடங்கினார். கழுவிய பானையையே திரும்பக் கழுவினார். அழவில்லை. எங்கள் ஆட்களில் “நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்” என்பார்கள். போய் அந்த வாசலில் மற்றப் பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தால்தான் துக்கம் இறங்கும். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். தனியாக ஒப்பாரி சொல்ல முடியாது. போனுக்குள்ளும் சொல்ல முடியாது.

மறுநாள் அம்மா மலைக்குப் போனார். வேலைக்குத்தான் தடையில்லையே. கூட நிரை பிடிக்கிறவர்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டு, பகல் சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்களாம். அங்கேதான் அழுதிருக்கிறார். ஆக, முதல் நாள் நான் எழுதியதோடு இதையும் சேர்த்து வையுங்கள்: மலை வேலைத்தலம்தான், ஆனால் எல்லாம் அடைபட்டபோது அம்மாவுக்குத் துக்கம் இறக்கிவைக்கக் கிடைத்த ஒரே இடமும் அதுதான்.

ஜூன் 10

இன்று சம்பளம். டவுன் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா டவுனுக்குப் போடுகிற குதி வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தார். “என்னா அக்கா, பயணமா?” என்றேன். “செருப்பு மறந்துரும்டி, அதுக்கும் நடை காட்டணும்” என்றார். வரிசையே சிரித்தது. பல நாளைக்குப் பிறகு லயத்தில் கேட்ட நல்ல சிரிப்பு.

ஜூன் 12

பேராதனையில் படிக்கிற ஒரு தம்பி, “துக்க வீட்டுக் கூட்டத்தை அனுமதித்தால் என்ன ஆகும் என்று போன வருடம் பார்க்கவில்லையா?” என்று கேட்டிருக்கிறார். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் அவர்களின் இறுதிக் கிரியையைச் சொல்கிறார். 2020 மே 26இல் இறந்தார், 31ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் தகனம். மாவட்டத்துக்கு ஊரடங்கு. அப்படியிருந்தும் பூதவுடல் வந்த வழியெல்லாம் சனம் ரோட்டோரம் நின்றது. எங்கள் தோட்டத்து ஆட்களும் நின்றார்கள்.

அதை அரசியல் கூட்டமாக மட்டும் பார்க்காதீர்கள் தம்பி. ஊரடங்கு தொடங்கிப் பத்துக் கிழமை. அதற்குள் அவரவர் வீட்டுச் சாவு எத்தனையோ போய்விட்டது, யாரும் யாருக்கும் போகவில்லை. அன்று ரோட்டில் அழுத பெண்கள் ஒரு தலைவருக்காக மட்டும் அழவில்லை என்றே நான் நினைக்கிறேன். அம்மா அப்படித்தான் சொன்னார்: “எல்லாருக்கும் சேத்து அழுதேன்.”

ஜூன் 22

நேற்று விடிய 4 மணிக்குத் தடையை எடுத்தார்கள். பொசன் போயா பண்டிகைக்காக நாளை இரவு 10 மணிக்குத் திரும்பப் போடுகிறார்கள். நடுவில் கிடைத்த நேரத்துக்குக் கடை திறந்தோம். சனம் வந்தது, ஆனால் பழைய நடை இல்லை. வாசலில் கை கழுவி, பேர், அட்டை இலக்கம் எழுதி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு ஓட்டம். துணி விரித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும் தெரிகிறது, யார் என்றே பிடிபடவில்லை.

ஜூலை 18

தலவாக்கலையிலிருந்து ஒரு அக்கா நீளமாக எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு சுருக்கம்: “டவுனுக்குப் போவதை நீங்கள் சொர்க்கம் மாதிரி எழுதுகிறீர்கள். என் வீட்டில் சம்பள ஞாயிறு என்றால் வயிற்றில் நெருப்பு. அவர் காலையில் போவார், இரவில் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஊரடங்கில் சாராயக்கடை பூட்டிய நாட்களில்தான் சம்பளம் முழுதாக என் கையில் வந்தது. பிள்ளைகள் பயமில்லாமல் தூங்கின. எனக்கு அந்த நாட்கள் திரும்பி வந்தாலும் பரவாயில்லை.”

இதைப் படித்து இரண்டு நாள் எனக்கு ஒன்றும் எழுத வரவில்லை. எங்கள் வரிசையிலும் அப்படி ஒரு வீடு உண்டு, அங்கேயும் முதல் சில கிழமை அமைதியாகத்தான் இருந்தது. பிறகு தோட்டத்தின் மேல் டிவிசனில் கசிப்பு, அதுதான் கள்ளச்சாராயம், வந்தது. குடிக்கிறவர் டவுனில் குடித்துவிட்டு விழுந்து கிடந்த காலத்தில் வீட்டுக்குச் சில மணித்தியாலமாவது மிஞ்சியது. இப்போது குடி வாசலுக்கே வந்துவிட்டது, அவள் தப்பிப் போக அம்மா வீட்டு பஸ்ஸும் இல்லை. முன்பு அடி பொறுக்க முடியாமல் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகலையில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய் ஒரு கிழமை இருந்துவிட்டு வருவாள். அந்த ஒரு கிழமையில் அவனும் கொஞ்சம் அடங்குவான்.

அக்கா, உங்கள் வீட்டில் கிடைத்த நிம்மதி உண்மை. அதை நான் மறுக்கப் போவதில்லை. பூட்டியதால் நிம்மதி கிடைத்ததா, சாராயக்கடை பூட்டியதால் கிடைத்ததா என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே சாவியால் பூட்டிவிட்டார்கள்.

ஜூலை 19

அந்த அக்காவின் பதில் ஒரே வரி: “சாராயக்கடைதான்.”

ஓகஸ்ட் 24

வெள்ளிக்கிழமை இரவு 10 மணியிலிருந்து மறுபடி ஊரடங்கு. இந்த முறை டெல்டா. இந்த முறை பயமும் நிஜம், தெரிந்த ஆட்களே போகிறார்கள். ஆகவே யாரும் முணுமுணுக்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து கருப்பந்தைல மரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அங்கேதான் சிக்னல் வரும். போன வருடத்திலிருந்து பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்கு அங்கேதான் ஏறுகிறார்கள். மூன்று பேருக்கு ஒரு போன். மழை வந்தால் ஒரு குடை, அதுவும் போனுக்கு. இதைப் படமெடுத்துப் போட்டு “ஐயோ பாவம்” என்று எழுதினார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. வகுப்பில் பாதி காதில் விழாது.

ஆனால் நான் கவனித்தது வேறு. ஜூலை 12இலிருந்து ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக ஒன்லைன் வகுப்பை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் கோரிக்கை நியாயம். வகுப்பு இல்லை, ஆனால் பிள்ளைகள் இன்னும் அதே நேரத்துக்குப் பாறைக்கு ஏறுகிறார்கள். பெரிய பிள்ளைகள் சின்னதுகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் சண்டை. அம்மாமாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. பெரியவர்களுக்கு டவுன் எப்படியோ பிள்ளைகளுக்கு அந்தப் பாறை அப்படி.

வயது வந்த பையன்கள்தான் எனக்குக் கவலை. கொழும்பில் கடை, ஹோட்டல் எல்லாம் நின்றதால் வந்த பையன்கள் லயத்து அறைக்குள் போர்வையை மூடிக்கொண்டு பகலெல்லாம் போன். கூப்பிட்டால் பதில் இல்லை. வெளியே வந்தால் “கொழும்பிலிருந்து வந்தவன்” என்று சனம் ஒதுங்கிப் போகிறது. வேலையும் போய், வந்த இடத்தில் முகமும் போனால் பையன் என்ன செய்வான்? இப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் பக்கத்தில் போய் உட்காருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926, தமிழிலும் பேசலாம். அந்த இலக்கத்தை எங்கள் வரிசையில் கதவுக்குக் கதவு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

செப்டெம்பர் 15

வெள்ளவத்தை அண்ணன் திரும்ப வந்திருக்கிறார். அவருடைய தாய் நுவரெலியாவில் தனியாக இருக்கிறாராம். முதல் கேள்வியில் அதைச் சொல்லவில்லை. “பச்சைக்கு நடுவில் இருக்கிறார், நன்றாகத்தான் இருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளத்தான் அப்படிக் கேட்டேன்” என்று எழுதியிருக்கிறார்.

அண்ணே, தினம் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். நேரம் மாறினால் அம்மாமார் நூறு யோசிப்பார்கள். “சாப்பிட்டீங்களா” என்பதோடு நிறுத்தாமல் ஏதாவது ஆலோசனை கேளுங்கள், ரசத்துக்கு எவ்வளவு புளி என்றாவது. தம்பி எங்கள் அம்மாவிடம் அப்படித்தான் கேட்பான். அம்மாவின் குரல் உடனே நிமிர்ந்துவிடும்.

நவம்பர் 2

மாகாணத் தடை போய்விட்டது. கோச்சியும் ஓடத் தொடங்கிவிட்டது. நாளை மறுநாள் தீபாவளி.

போன வருடத் தீபாவளியை மறக்க முடியாது. 2020 நவம்பர் 14, சனி. மேல் மாகாணத்திலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது என்று 11ஆம் திகதி நள்ளிரவோடு பூட்டி, 15 வரை வைத்தார்கள். கொழும்பிலிருந்து நோய் வந்துவிடக் கூடாது என்பது காரணம். காரணம் சரிதான். ஆனால் கொழும்புக் கடைகளில், வீடுகளில், ஹோட்டல் அடுப்படிகளில் நிற்கும் எங்கள் பிள்ளைகள் வருடத்தில் கட்டாயமாக வீட்டுக்கு வருகிற நாள் அது ஒன்றுதான். தம்பி எனக்கு முன்கூட்டியே காசு அனுப்பி, அம்மாவுக்குச் சேலை எடுக்கச் சொன்னான். எங்கள் கடையிலேயே எடுத்தேன். அம்மா அதைக் கட்டவில்லை. “வந்து குடுக்கட்டும்” என்று பெட்டியில் வைத்துவிட்டார். அவன் இந்தச் சித்திரைக்கு வந்தும், ஒரு ராத்திரி தங்கிய அவசரத்தில் அந்தப் பேச்சு எழவில்லை.

இன்று பின்னேரம் அவன் கோச்சி. கடையில் அரைநாள் கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 7

வந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் இது.

மெலிந்திருக்கிறான். அம்மா சமைத்ததெல்லாம் சாப்பிட்டான். ஆனால் முதல் இரண்டு நாள் வெளியே வரவே இல்லை. கூட்டாளிகள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள், தலைவலி என்றான். வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டான். இத்தனை மாதம் வீட்டுக்கு வரத் துடித்தவன், வந்ததும் ஏன் இப்படி என்று அம்மா என்னைக் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. தடை எடுத்ததும் மனம் தானாகத் திறந்துகொள்ளும் என்றுதான் நான் இந்த இழையில் எழுதிவந்திருக்கிறேன் போலிருக்கிறது. பூட்டிய நாட்களில் அவனுக்கு ஆட்களோடு இருக்கும் பழக்கமே விட்டுப் போயிருந்தது.

நேற்று அவனும் நானும் நோர்வூட் வரை நடந்தோம். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மேல்மாடியில் கூட இருந்த பையன் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து அம்புலன்ஸில் ஏற்றிய இரவு. அவன் திரும்பி வந்துவிட்டான், நல்ல சுகம். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு யார் இருமினாலும் தம்பிக்கு நெஞ்சு அடைக்குமாம். இதை அவன் அம்மாவிடம் போனில் ஒரு நாளும் சொல்லவில்லை. புளியைப் பற்றி மட்டும் கேட்டான்.

நவம்பர் 8

சேலை கட்டினார்களா என்று எத்தனை பேர் கேட்கிறீர்கள்! கட்டினார். கத்தரிப்பூக் கலர், மஞ்சள் பார்டர். அதே சேலையில்தான் நேற்று டவுனுக்கும் போனார்.

2022 மார்ச் 6

நாலு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்தக் கிழமை சொல்லியிருக்கிறது: கொவிட்டின் முதல் வருடத்தில் பதற்றமும் மனச்சோர்வும் உலகம் முழுக்க 25 சதவீதம் கூடியிருக்கின்றன. இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பாதிப்புக் கூட. புதிதாக ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அது பெரிது. அம்மாவுக்கும் தம்பிக்கும் வந்தது அவர்களுடைய பலவீனம் இல்லை என்று சொல்லக் கையில் ஒரு இலக்கம் கிடைத்திருக்கிறது. தம்பி ஒரு டொக்டரிடம் போய்ப் பேசுகிறான். இப்போது பரவாயில்லை.

ஆனால் டவுன் மறுபடி தூரமாகிவிட்டது. இந்த முறை நோய் இல்லை, டீசல். பெற்றோல் செட்டில் வரிசை, பொகவந்தலாவை பஸ் பாதிக்கு மேல் ஓடவில்லை, ஆட்டோக்காரர் கேட்கும் காசு அரைநாள் சம்பளம். மின்வெட்டில் எங்கள் கடை இருட்டு, சேலையின் நிறம் பார்க்க வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். சம்பள ஞாயிறில் வருகிற கூட்டம் குறைந்துவிட்டது. தடை என்று யாரும் அறிவிக்கவில்லை, ஆகவே அது தடை என்று யாருக்கும் தெரியவும் இல்லை.

எங்கள் டிவிசன் ஆட்கள் சேர்ந்து தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறில் கொழுந்து லொறியைக் காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை ஹட்டனுக்கு விட வேண்டும், டீசல் காசை நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம். எழுதியது நான், முதல் கையெழுத்து அம்மா. காரணம் என்ற இடத்தில் மருந்து, பலசரக்கு என்று எழுதிக்கொண்டு போனபோது, குதிச் செருப்பு அக்கா நிறுத்தினார்: “சும்மா போய் வரவும்னு எழுதுடி.” எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் போடுகிறேன். டிக்கோயா, மஸ்கெலியா பக்கத்தில் வேறு தோட்டங்கள் இப்படிக் கேட்டு வாங்கியிருந்தால் எப்படிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்.